அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் நிற்காத போன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

போனை வைத்திருப்பவர் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். வயது ஐம்பதை ஒட்டி. போன் ஆண்ட்ராய்டு வகை. வாங்கி 2 ஆண்டு 7 மாதம். பெட்டியில் அச்சிட்டிருந்த பேட்டரி அளவு 5000 எம்ஏஎச். கேம் கிடையாது, வீடியோ குறைவு. அழைப்பு, செய்திச் செயலி, வங்கிச் செயலி, போகும் வழியில் கொஞ்சம் பாட்டு, அவ்வளவுதான். காலை 6 மணிக்கு 100% சார்ஜுடன் எடுத்தால் இரவு 10 மணிக்கு 38% அளவில் நிற்கும். மாதக்கணக்காக இப்படியே ஓடியதால் அலுவலகத்துக்குச் சார்ஜர் எடுத்துப்போகும் வழக்கமே அவருக்கு இல்லை.

அவருடைய ஒரு பழக்கத்தை இங்கேயே குறித்துவிட வேண்டும். பின்னால் அது பெரிய விஷயமாகிறது. இரவு முழுக்கச் சார்ஜில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று நினைத்து, அவர் ஒருநாளும் அப்படிச் செய்வதில்லை. விடியற்காலை 5 மணிக்கு எழுந்ததும் செருகுவார். வேலைக்கு நடுவே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே 6 மணிக்குள் 100% ஏற்றிவிடுவார்.

ஒரு ஞாயிறு இரவு போன் ஆண்ட்ராய்டு 13-இலிருந்து 14-க்கு அப்டேட் ஆனது. திங்கள் பிற்பகல் 3 மணிக்கு 15% காட்டியது. முந்தைய வாரங்களில் அந்நேரம் 65% இருக்கும். இரவிலும் இறக்கம் நிற்கவில்லை. “தூங்கி எழுந்தா கால்வாசி காணோம்” என்பதுதான் அவர் சொன்ன புகார். போன் சும்மா கிடக்கும்போதே இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

முதல் 5 நாளில் நடந்த வைத்தியங்கள்

ஆய்வுக்கு வருமுன் அவருடைய தம்பி மகன், கல்லூரி மாணவர், தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் நிலவரத்தை மாற்றியதால் பட்டியலிட்டுக்கொள்வது அவசியமாயிற்று:

- போனை இரண்டு முறை 0% வரை இறக்கி, மீண்டும் 100% ஏற்றினார். பேட்டரியை ‘காலிபரேட்’ செய்வதாகக் கேள்விப்பட்டது.
- மெமரியைச் சுத்தம் செய்து பேட்டரியைக் காப்பதாகச் சொல்லும் ஒரு செயலியை நிறுவினார்.
- அப்டேட்டுக்குப் பின் செய்திகள் தாமதமாக வந்ததால், பேட்டரி அமைப்புக்குள் போய் 23 செயலிகளை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு, அதாவது பின்னணியில் தடையின்றி ஓடவிடும் நிலைக்கு, மாற்றினார்.
- எல்லாச் செயலிகளின் கேஷையும் (தற்காலிகச் சேமிப்பை) அழித்தார்.

0% வரை இறக்குவது பேட்டரியின் கொள்ளளவைக் கூட்டாது. சதவீதக் கணக்கைத்தான் ஓரளவு திருத்தும். சதவீதம் 40-இலிருந்து திடீரென 25-க்குத் தாவுவது, 12%-இல் அணைந்துபோவது போன்ற அறிகுறி இருந்தால் ஒருமுறை செய்து பார்க்கலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. இறக்கம் சீராக, ஒரே வேகத்தில் இருந்தது. லித்தியம் அயான் பேட்டரிக்கு அடியோடு காலியாவது பிடிக்காது என்பதால் இந்த வேலையில் லாபம் இல்லை, சிறு நஷ்டம் மட்டுமே.

சுத்தம் செய்யும் செயலி பின்னணியில் இருப்பவற்றை வலிந்து மூடும். மூடப்பட்டவை சில நிமிடத்தில் தாமாகவே எழும். மெமரியில் உறங்கிக் கிடக்கும் செயலி ஏறக்குறைய எதையும் செலவழிப்பதில்லை. அதைக் கொன்று மறுபடி முதலிலிருந்து எழுப்புவதுதான் செலவு. மூன்றாவது காரியம்தான் மிகவும் விலை கொடுத்தது. அது பின்னால் வருகிறது.

ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப்போன் நிலைக்குத் திருப்புவது, செய்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தபோதுதான் போன் ஆய்வுக்கு வந்தது. அன்று சனிக்கிழமை, ஆறாம் நாள்.

ஆறாம் நாள் கண்டவை

பின்மூடி சமதளமாக இருந்தது. தட்டையான மேசையில் வைத்து ஓரத்தில் அழுத்தினால் ஆடவில்லை. பேட்டரி உப்பலுக்கு இதுதான் முதல் சோதனை. உப்பியிருந்தால் மேற்கொண்டு எந்த ஆய்வும் கிடையாது, உடனே பேட்டரியைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். இரண்டாவது சிம் இடம் காலி. காலாவதியான சிம் ஒன்று அங்கே இருந்தால் நாள் முழுக்க நெட்வொர்க் தேடிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைத் திறந்து பார்ப்பது வழக்கம்.

திரை அணைந்து அரை மணி நேரம் கிடந்த பிறகும் பேட்டரி வெப்பம் 36 டிகிரி. அறை வெப்பம் 28. உறங்கும் போன் அறையைவிட ஓரிரு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் காரணமில்லை. உள்ளே எதுவோ விழித்திருந்தது.

செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டுப் பட்டியல் உதவவில்லை. செய்திச் செயலி 9%, சுத்தம் செய்யும் செயலி 8%, மற்றவை எல்லாம் இரண்டும் மூன்றும். பெரும்பகுதி ‘சிஸ்டம்’ கணக்கில் கிடந்தது. பட்டியலின் அடியில் உடற்பயிற்சிக் கைப்பட்டை ஒன்றின் துணைச் செயலி 2% என்று இருந்தது. அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அது தவறு.

சுத்தம் செய்யும் செயலி அன்றே நீக்கப்பட்டது. கூடவே விசாரித்ததில் சார்ஜ் போடும் பழக்கம் தெரியவந்தது.

முதல் முடிவு: 2 இரவு சார்ஜரிலேயே விடுவது

அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் வேகமாக இறங்கினால் ‘இரண்டு மூன்று நாள் பொறுங்கள், தானே சரியாகும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அறிவுரை சரிதான், ஆனால் பாதி. எதற்காகப் பொறுப்பது என்பதைச் சொல்வதில்லை.

ஆண்ட்ராய்டில் செயலிகளின் நிரலை அந்தப் போனின் ப்ராசஸருக்கு ஏற்ற வடிவில் முன்கூட்டியே மாற்றி வைத்திருப்பார்கள். இயங்குதளம் பெரிய அளவில் மாறும்போது பழைய மாற்று வடிவம் செல்லாததாகிவிடும். புதிதாக எல்லாவற்றையும் மாற்றி வைக்கும்வரை, செயலி ஓட ஓட அப்போதைக்கப்போது மாற்றும் வேலை நடக்கும். செயலி மந்தமாகத் திறப்பதும், போன் சூடாவதும், சார்ஜ் போவதும் இதனால்தான்.

மொத்தமாக மாற்றி வைக்கும் அந்த வேலை பின்னணியில் நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. போன் சார்ஜரில் இருக்க வேண்டும். யாரும் தொடாமல் சும்மாவும் இருக்க வேண்டும். படங்களில் முகங்களைப் பிரித்து அடுக்கும் வேலையும் பெரும்பாலும் இதே நிபந்தனைக்குக் காத்திருக்கும். இவருடைய போனுக்கோ அந்த இரண்டும் ஒருசேர வாய்க்கவே இல்லை. சார்ஜரில் இருந்தபோது கையில் இருந்தது. சும்மா கிடந்தபோது சார்ஜரில் இல்லை. 5 நாள் அல்ல, 50 நாள் பொறுத்திருந்தாலும் இதே கதைதான்.

எனவே சனி, ஞாயிறு இரண்டு இரவும் 11 மணி முதல் 6 மணி வரை வைஃபையும் சார்ஜரும் இணைத்து, திரையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து வைக்கச் சொல்லப்பட்டது. இரவுச் சார்ஜ் பற்றிய அவருடைய அச்சம் முழுக்கப் பொய்யல்ல. 100% நிலையிலும் வெப்பத்திலும் நெடுநேரம் கிடப்பது பேட்டரியைச் சற்று வேகமாகத் தேய்க்கும். ஆனால் இரண்டு இரவில் அது கணக்கிலேயே வராது. தலையணைக்கு அடியில் வைக்காமல் மேசைமேல் வைத்தால் போதும்.

திங்கள் பிற்பகல் 3 மணிக்கு 36% காட்டியது. முன்பு 15%. செயலிகள் சட்டென்று திறந்தன. ஓர் ஒப்புதலும் இங்கே தேவை: சுத்தம் செய்யும் செயலியை நீக்கியதும் இரவு சார்ஜரும் ஒரே சமயத்தில் நடந்ததால், இந்த 21 புள்ளியில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

65% வரவேண்டிய இடத்தில் 36%. இன்னும் பாதி வழி கூட வரவில்லை.

இரவுச் சோதனைகள்

பகல் நேரத்து அளவீட்டை நம்ப முடியாது. ஒருநாள் அழைப்பு அதிகம், ஒருநாள் பயணம் அதிகம். இரவில் போனை யாரும் தொடுவதில்லை. ஏழு மணி நேரம் ஒரே இடம், ஒரே சிக்னல், திரை அணைந்த நிலை. ஒப்பிட இதைவிட நல்ல களம் வேறில்லை.

விதிமுறை இப்படி வகுக்கப்பட்டது. இரவு 11 மணிக்குத் தொடக்கம், காலை 6 மணிக்கு முடிவு. தொடக்கச் சதவீதம் 90 முதல் 95-க்குள். 100%-இல் தொடங்கக் கூடாது. பல போன்களில் 100 என்ற எண் உண்மையான இறக்கம் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அசையாது நிற்கும், அதனால் கணக்கு குறைவாக வரும். போன் வழக்கமான இடத்திலேயே இருக்க வேண்டும். ஓர் இரவில் ஒரே ஒரு மாற்றம்.

முதல் இரவு, எல்லாம் வழக்கம்போல்: 92 முதல் 71 வரை. இறக்கம் 21%.

இரண்டாம் இரவு, ஃப்ளைட் மோட். இது வீணாயிற்று. நடுவில் விழித்தவர் அவசரச் செய்தி ஏதும் வந்திருக்குமோ என்று 3 மணிக்கு அதை நீக்கிவிட்டார். மறுநாள் வேறொரு போனை அவசர அழைப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டு மீண்டும் செய்ததில் 90 முதல் 87 வரை. இறக்கம் 3% மட்டுமே.

அடுத்த இரவு ஃப்ளைட் மோட் போட்டு, அதற்குப் பின் வைஃபையையும் ப்ளூடூத்தையும் மட்டும் கையால் இயக்கியது: 91 முதல் 81 வரை. இறக்கம் 10%.

இந்த மூன்று எண்களும் சேர்ந்து வழக்கைப் பாதி முடித்துவிட்டன. ஃப்ளைட் மோடில் 3% என்றால் பேட்டரி தானாகக் கசியவில்லை, போர்டில் ஷார்ட் இல்லை. ஆனால் செயலிகளைக் குற்றமற்றவை என்று சொல்ல அந்த எண் போதாது. இணையம் இல்லாத இரவில் அவையும் பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும். பலர் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள்: ஃப்ளைட் மோடில் சார்ஜ் நின்றது, ஆகவே சிக்னல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால்தான் வைஃபை மட்டும் உள்ள இரவு தேவைப்பட்டது. அதில் கூடிய 7% செயலிகள் அல்லது ப்ளூடூத் பக்கம். மீதி 11% சிம் பக்கம். குற்றவாளி ஒருவர் அல்ல, இருவர்.

முதல் குற்றவாளி: டிராயரில் கிடந்த கைப்பட்டை

செட்டிங்ஸ் பட்டியல் சொல்லாததைச் சொல்ல, ஆண்ட்ராய்டில் உள்ளே ஒரு விரிவான பதிவு உண்டு. பில்ட் எண்மேல் 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி வழியாக ‘டம்ப்சிஸ் பேட்டரிஸ்டாட்ஸ்’ அறிக்கையை எடுக்கலாம். முதல் இரவுச் சோதனைக்கு முன் பழைய பதிவை ரீசெட் செய்துவிட்டு, காலையில் சதவீதத்தைக் குறித்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். கேபிள் செருகியதும் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுவது நல்லது.

அந்த 7 மணி நேரத்தில் போன் 3 மணி 10 நிமிடம் விழித்திருந்தது. திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனை ஆழ்ந்து உறங்கவைக்கும் ‘டோஸ்’ ஏற்பாடு ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே, அதாவது 2015 முதல் உண்டு. அது சரியாக வேலை செய்தால் விழிப்பு அரை மணி நேரத்தைத் தொட்டாலே அதிகம். விழிக்கவைக்கும் ‘வேக்லாக்’ பட்டியலில் மேலே இருந்தது, செட்டிங்ஸில் 2% என்று அடியில் ஒதுங்கியிருந்த அதே கைப்பட்டைச் செயலி: 1 மணி 48 நிமிடம். அதன் பெயரிலேயே ப்ளூடூத் தேடல் 6 மணி 21 நிமிடம். இரவு ஏறக்குறைய முழுவதும்.

கைப்பட்டை எங்கே என்று கேட்டபோது, அது வார் அறுந்து, சார்ஜ் இறங்கி, ஓராண்டுக்கு மேலாக மேசை டிராயரில் கிடப்பதாகச் சொன்னார். செயலியை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை காலம் அது தொல்லை தரவில்லை, ஏனென்றால் போன் அதைப் பயன்படாத செயலி என்று அடக்கி வைத்திருந்தது. தம்பி மகன் 23 செயலிகளை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கியபோது இதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. கட்டு அவிழ்ந்ததும் செத்த கைப்பட்டையை அது இரவெல்லாம் தேடத் தொடங்கியது. டோஸ் நேரத்திலும் விழித்திருக்கவும் இணையத்தைத் தொடவும் அந்த நிலை அனுமதி தருகிறது.

செட்டிங்ஸ் பட்டியல் ஏன் 2% என்றது? செயலி தன் நிரலை ஓட்டிய செலவை மட்டும் அதன் கணக்கில் எழுதி, அது விழிக்கவைத்ததால் போனின் மற்றப் பாகங்கள் தின்றதில் பெரும்பகுதியைச் சிஸ்டம் கணக்கில் தள்ளியிருந்தது. பட்டியலின் தலையில் இருப்பவரையே திருடன் என்று பிடிப்பது ஆகாது என்பதற்கு இந்த வழக்கு நல்ல சாட்சி.

கைப்பட்டைச் செயலி நீக்கப்பட்டது. அன்றிரவு, எல்லாம் வழக்கம்போல் இருக்க, 93 முதல் 79 வரை. இறக்கம் 14%. முன்பைவிட 7 குறைவு. சோதனைக் கணக்கு சொன்ன அதே 7.

மீதி 22 செயலிகளில் நினைவூட்டல் தரும் மருந்துச் செயலி ஒன்றை மட்டும் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ நிலையில் விட்டு, மற்றவை ‘ஆப்டிமைஸ்டு’ நிலைக்கு, அதாவது பின்னணி ஓட்டத்தைப் போனே மட்டுப்படுத்தும் நிலைக்குத் திருப்பப்பட்டன. செய்தி தாமதமாகும் என்ற கவலைக்கு ஒரு சோதனை: போனை ஒன்றரை மணி நேரம் தொடாமல் வைத்து, இன்னொரு போனிலிருந்து செய்தி அனுப்பியதில் சில நொடியில் மணி அடித்தது. அவசர வகை அறிவிப்புகளுக்கு டோஸ் வழிவிடும். 

இரண்டாவது குற்றவாளி: படுக்கையறைச் சிக்னல்

அதே அறிக்கையில் சிக்னல் பகுதி: 7 மணி நேரத்தில் 5 மணி 40 நிமிடம் ‘மோசம்’ அல்லது ‘இல்லை’ நிலை. போனைப் பற்றிய விவரப் பக்கத்தில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும்; மைனஸ் எண் பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவு. தலைமாட்டில் போன் வைக்கும் இடத்தில் 5ஜி மைனஸ் 117 முதல் மைனஸ் 121 வரை ஊசலாடியது. கையால் 4ஜிக்கு மாற்றியதும் அதே இடத்தில் மைனஸ் 103.

இந்த எண்களில் 10 வித்தியாசம் என்றால் பத்து மடங்கு என்று பொருள். டவரிலிருந்து வருவது மங்கும்போது போன் தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். சாதாரணப் போன்கள் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை அலைபரப்பும். அந்த 200-ஐ வெளியே அனுப்ப உள்ளே அதைப்போலப் பல மடங்கு செலவாகும். கூடவே 5ஜி நழுவி 4ஜிக்கும், மீண்டும் 5ஜிக்கும் தாவும் ஒவ்வொரு முறையும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. எதுவும் டவுன்லோட் ஆகாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

ஓராண்டுக்கு முன் அழைப்பு அறுந்துகொண்டே இருந்தபோது 4ஜிக்கு மாற்றிக்கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. இப்போது அமைப்பு 5ஜி ஆட்டோவில் இருந்தது. பெரிய அப்டேட்டில் நெட்வொர்க் தேர்வு ஆரம்ப நிலைக்குத் திரும்புவது நடக்கக்கூடியதே.

4ஜிக்கு மாற்றிய இரவு: 90 முதல் 84 வரை. இறக்கம் 6%.

பேட்டரியின் கணக்கில் இதைச் சொன்னால் இன்னும் விளங்கும். இந்தப் பேட்டரியில் 1% என்பது ஏறத்தாழ 41 எம்ஏஎச் (ஏன் 50 இல்லை என்பது அடுத்த பகுதியில்). 21% இறங்கிய இரவில் போன் சராசரியாக மணிக்கு 123 எம்ஏஎச் தின்றது. இப்போது 35.

பேட்டரியை மாற்ற வேண்டுமா

அவர் முதலிலேயே கேட்ட கேள்வி. அப்டேட் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்பது வெகுஜன நம்பிக்கை. பேட்டரி தேய்வது மாதக்கணக்கில். ஒரு ஞாயிறு இரவில் அது 38%-ஐ 0% ஆக்காது. ஆனாலும் அளந்து பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வதும் சரியில்லை.

முன்சொன்ன அறிக்கையிலேயே போன் தானாகக் கற்றுக்கொண்ட கொள்ளளவு ஒரு வரியில் இருந்தது: 4110 எம்ஏஎச். 5000-இல் 82%. இதைச் சரிபார்க்க, போனை அணைத்து, 10%-இலிருந்து 100% வரை யுஎஸ்பி மீட்டர் (கேபிளில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி) வழியாகச் சார்ஜ் ஏற்றியதில் மீட்டர் 16.3 வாட் மணி காட்டியது. வெப்பமாகவும் மின்மாற்றத்திலும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கழித்தால் பேட்டரிக்குள் போனது 14.2 வாட் மணி அளவு. 90% ஏற்ற 14.2 என்றால் முழுதும் 15.8. புதிதில் இந்தப் பேட்டரி 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட், பெருக்கினால் 19.25 வாட் மணி. இதுவும் 82% என்றே வருகிறது.

மீட்டர் வைத்திருப்போர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. அதே மீட்டரில் எம்ஏஎச் எண்ணும் ஓடும். 5 வோல்ட்டில் ஏற்றினால் அது 3260 காட்டும். வேகச் சார்ஜர் 9 வோல்ட் கொடுத்தால் வெறும் 1811. இதைப் பார்த்து ‘5000 போட்ட பேட்டரியில் 1800 தான் ஏறுது’ என்று பதறி பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு. மீட்டர் எண்ணுவது கேபிளில் ஓடும் வோல்ட்டில். பேட்டரியின் எண் அதன் சொந்த வோல்ட்டில். ஒப்பிட வேண்டியது வாட் மணியைத்தான்.

82% இருக்கும் பேட்டரியால் அவருடைய நாள் ஓடுகிறது. எனவே மாற்ற வேண்டாம் என்று முடிவானது. 80%க்குக் கீழே போய், கூடவே குளிரில் அல்லது கேமரா திறக்கும்போது போன் அணையத் தொடங்கினால் அப்போது பேசலாம்.

செய்யாமல் விட்டவை

ஃபேக்டரி ரீசெட் வேண்டாம் என்றதற்கு மூன்று காரணம். எல்லாச் செயலியும் மறுபடி இறங்கி, மறுபடி மாற்றி அடுக்கப்பட வேண்டும். இவருடைய சார்ஜ் பழக்கத்தில் அது அப்டேட்டுக்கு மறுநாள் நிலைக்கே திரும்பும். ரீசெட்டுக்குப் பிறகும் நெட்வொர்க் 5ஜி ஆட்டோவில்தான் விழித்திருக்கும். ஆகவே பாதிக் குற்றவாளி தப்பியிருப்பார். மூன்றாவது, வங்கிச் செயலியின் பதிவும் உரையாடல்களின் பேக்கப்பும். அவற்றை மீட்பது தனி வேலை.

ரிக்கவரி மெனுவில் கேஷ் பார்ட்டிஷனைத் துடைப்பது பற்றியும் கேட்டார்கள். இந்தப் போன் இரண்டு தனித்தனி இடங்களில் சிஸ்டத்தை வைத்துக்கொண்டு அப்டேட் செய்யும் வகை. அந்த மெனுவில் அப்படி ஒரு தேர்வே இல்லை.

பின்விளைவு

அடுத்த வாரம் முழுக்க இரவு 10 மணிக்கு 33 முதல் 35% வரை நின்றது. அப்டேட்டுக்கு முன் 38. மீதமிருந்த அந்த 3, 4 புள்ளிக்கும் ஆள் கிடைத்தது: அப்டேட்டுக்குப் பின் திரையின் புதுப்பிப்பு வேகம் 60-இலிருந்து 120-க்கு ஏறியிருந்தது. குறைத்துக் காட்டியபோது, விரலால் தள்ளும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு போவது தனக்குப் பிடித்திருப்பதாகச் சொல்லி 120-இலேயே விட்டுவிட்டார். சார்ஜ் போதுமான அளவு நிற்கும்போது அது அவர் உரிமை.

4ஜியில் இருப்பதால் வேகம் குறைந்ததாக அவர் சொல்லவில்லை. 6 வாரம் கழித்து ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. அன்றிரவு சார்ஜரில் விடப்பட்டது. நெட்வொர்க் தேர்வு மாறவில்லை; செயலிகளின் பட்டியலும் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாள் இரவு இறக்கம் 6%.

மறுமுறை மாற்ற வேண்டியவை

அறிக்கையை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். செட்டிங்ஸ் பட்டியலை மட்டும் பார்த்து 2% என்று கைப்பட்டைச் செயலியைக் கடந்துபோனதில் ஏழு நாள் போயிற்று. டிராயரில் கிடக்கும் கருவியின் செயலி எதுவும் போனில் உண்டா என்று வாய்ப்பேச்சாகக் கேட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

சேஃப் மோடில் ஓர் இரவு விட்டிருந்தால், பின்னால் நிறுவிய செயலிகள் எல்லாம் ஒரே அடியில் விலகி, அவற்றின் பங்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். மருந்து நினைவூட்டல் அந்த நிலையில் அடிக்காது என்பதால் தவிர்க்கப்பட்டது. சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்று வைத்துச் செய்திருக்கலாம்.

சுத்தம் செய்யும் செயலியை நீக்குவதையும் இரவுச் சார்ஜையும் ஒரே நாளில் தொடங்கியிருக்கக் கூடாது.

பெரிய அப்டேட்டுக்கு முன் நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லி அவரிடமும் தம்பி மகனிடமும் சொல்லப்பட்டது: விருப்ப நெட்வொர்க் வகை, ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ செயலிகளின் பட்டியல், திரை புதுப்பிப்பு வேகம், ஓர் இரவின் தொடக்க, முடிவுச் சதவீதம். படங்களை அதே போனில் வைக்காமல் தம்பி மகனின் போனுக்கு அனுப்பிவைப்பதாக ஏற்பாடு.